எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்தால் என்ன செய்வது: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்டுக்குத்தான் எச்பிஎஸ்ஏஜி என்று பெயர். நம்ம பக்கத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ வேலையாகப் போன இடத்தில்தான் தெரிய வருகிறது. வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுத்தால் 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்புவார்கள். ரத்த தானம் கொடுத்துவிட்டு வந்தவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு முதல் செக்கப்பில் எடுத்த ரத்தத்தில் வரும், குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்தவருக்கு வரும். உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது, நன்றாகச் சாப்பிட்டு, வலை இழுத்து, வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் லேபில் வேலை பார்க்கிறவன், இந்த ரிப்போர்ட்டை வாங்குகிறவர்களைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். சிலர் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பலர், "காமாலைதானே, கண்ணு மஞ்சளா இல்லையே" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு பயம் இந்த இரண்டாவது ஆட்களைப் பற்றித்தான். மஞ்சள் இருந்தால் நோய், மஞ்சள் போனால் நோய் போச்சு என்ற கணக்கு இந்த வைரஸுக்குச் செல்லாது. இருபது முப்பது வருஷம் ஒரு மஞ்சளும் காட்டாமல் கல்லீரலைத் தழும்பாக்கி, சுருங்க வைத்து, சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதனால் கண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் ரத்தத்தையும் ஸ்கேனையும் பார்த்து முடிவு செய்வது எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் காமாலை என்று சொல்வது ஒரே நோய் இல்லை. ஏ வகையும் ஈ வகையும் கெட்ட தண்ணீரில், சாப்பாட்டில் வருபவை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும் (ஈ வகை கர்ப்பிணிகளுக்கு மட்டும் உயிருக்கே ஆபத்து, அவர்களை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்). பி வகையும் சி வகையும் ரத்தம் வழியாக வருபவை, இவைதான் உடம்பில் தங்குகின்றன. சி வகைக்கு இன்று மாத்திரையிலேயே முழுக் குணம் உண்டு. 1989-ல்தான் அந்த வைரஸையே அடையாளம் கண்டார்கள், இப்போது பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணமாகிறார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்த வேலைக்காக 2020-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பி வகை அவ்வளவு சுலபமாக விடுவதில்லை, அதனால் மீதி எல்லாம் பி வகையைப் பற்றியே.

பாசிட்டிவ் என்று ஒரு முறை வந்தால், அது புதிதாகத் தொற்றியதா, பழையதா என்று அந்த ஒரு டெஸ்ட் சொல்லாது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்கு நேர் எதிர், நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். அதனால் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் பாசிட்டிவ் என்றால் அதுதான் நாள்பட்ட தொற்று. ஆனால் அந்த ஆறு மாதமும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, மற்ற டெஸ்ட்டுகளை உடனே ஆரம்பித்துவிட வேண்டும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். 2018 ஜூலை 28 முதல் நாடு முழுக்க தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது, பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அதில் இலவசம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மெடிசின் ஓ.பி.யில், "ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ், அந்தத் திட்டத்தில் பதிய வேண்டும்" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. பெரிய சிக்கல் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் குடல், கல்லீரலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கேட்க வேண்டிய டெஸ்ட்டுகள் இவை: வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி, கல்லீரல் காயத்தைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட், சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன், அப்புறம் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் எச்பிவி டிஎன்ஏ. கடைசியில் சொன்னதுதான் முக்கியம், வெளியில் எடுத்தால் விலை கூடிய டெஸ்ட், அதனால்தான் திட்டத்தில் பதியச் சொல்கிறேன். கூடவே சி வகையும் எச்ஐவியும் ஒரு தடவை பார்த்துவிடுவார்கள், அதற்காகக் கோபப்பட வேண்டாம், பரவும் வழி ஒன்றுதான்.

எஸ்ஜிபிடி பற்றி ஒரு விஷயம். ரிப்போர்ட்டில் பக்கத்தில் 'நார்மல் 40 வரை' என்று அச்சாகியிருக்கும், சில லேபில் இன்னும் கூடுதலாகவும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பி வகை வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்றுதான் எல்லை. ஆகவே 38 என்று வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து எதுவும் இருக்காது, நார்மல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். டாக்டரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க முன்பெல்லாம் ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். இப்போது ஊசி குத்தாமலே கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம், ஏப்ரி என்று பெயர். எஸ்ஜிஓடியை அந்த லேபின் மேல் எல்லையால் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு அதால் வகுக்க வேண்டும். எஸ்ஜிஓடி 60, லேபின் எல்லை 40, பிளேட்லெட் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 40-ஆல் வகுத்தால் 1.5, நூறால் பெருக்கினால் 150, 2 லட்சம் என்பது 200 ஆயிரம், 150-ஐ 200-ஆல் வகுத்தால் 0.75. 2024-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்படி 0.5-க்கு மேல் போனாலே தழும்பு குறிப்பிடும்படி இருக்கலாம், 1-க்கு மேல் போனால் கல்லீரல் சுருக்கம் வரைக்கும் யோசிக்க வேண்டும். டெங்கு மாதிரி வேறு காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கியிருக்கும் நேரத்திலும், காமாலை முற்றிய நேரத்திலும் இந்தக் கணக்கு பொய் சொல்லும். மற்ற நேரத்தில் ஒரு பேனாவும் ரிப்போர்ட்டும் போதும், டாக்டரிடம் பேச ஆரம்பிக்க இது நல்ல பிடி.

இந்த எண்களை எல்லாம் வைத்துத்தான் மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பாசிட்டிவ் ஆன எல்லாருக்கும் மாத்திரை கிடையாது. "எனக்கு மருந்தே தரல" என்று சண்டை போட்டுவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்றால் இனி வரவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்று அர்த்தம்.

சரி, வீட்டுக்கு வருவோம். அதிகக் கொடுமை நடப்பது இங்கேதான். மருமகளுக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்த வீட்டில் அவள் தட்டை அடையாளம் வைக்க அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி ஒன்று வைத்து, டம்ளருக்கும் ஒன்று வைத்து, கழுவித் தனியாக ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாமியார் கெட்டவர் இல்லை, பேரப்பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்ற பயம். "அத்தை, எச்சில் தட்டுல இது வராது, ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க" என்று சொன்னால் நம்பக்கூட நேரம் பிடிக்கிறது. தட்டு, டம்ளர், துணி, கட்டிப்பிடிப்பது, ஒரே கிணற்றில் குளிப்பது, இருமல், தும்மல் எதிலும் வராது. தாய்ப்பால் கொடுக்கலாம்.

பரவுவது ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போதும். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். அதனால் பிரிக்க வேண்டியது தட்டை இல்லை. ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ், சர்க்கரை பார்க்கும் ஊசி, இவற்றை. சலூனில் பிளேடை உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். காதுகுத்து, சுன்னத்து, நேர்த்திக்கடனுக்கு மொட்டை, திருவிழாவில் பச்சை குத்துவது, எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான்.

வீட்டில் எல்லாரையும் டெஸ்ட் எடுக்க வையுங்கள். கணவன் மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், முக்கியமாக அம்மா. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் இருந்தால் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வந்திருக்கும், அந்த அம்மாவுக்கு இன்னும் யாரும் டெஸ்ட்டே எடுத்திருக்க மாட்டார்கள். இதில் அவர் மேல் பழி ஒன்றும் இல்லை, அவர் பிறந்த காலத்தில் தடுப்பூசியே கிடையாது. நெகட்டிவ் ஆனவர்கள் மூன்று ஊசி போட வேண்டும்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், அதை ஃபோனில் அலாரமாகப் போட்டு வையுங்கள்.

மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பாசிட்டிவ் என்றால் இந்தப் பகுதியை வீட்டு ஆண்களும் படிக்க வேண்டும். எச்பிஇஏஜியும் பாசிட்டிவாக இருக்கும் தாய்க்கு, ஒன்றும் செய்யாமல் விட்டால் குழந்தைக்குத் தொற்ற நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு வரை வாய்ப்பு. அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர மூன்று விஷயம் போதும். தாய்க்கு வைரஸ் அதிகம் இருந்தால் பிரசவத்துக்குச் சில மாதம் முன்பே வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை. குழந்தை பிறந்தவுடன் முதல் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. கூடவே எச்பிஐஜி என்ற இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் புரதம்) ஊசி, 12 மணி நேரத்துக்குள். தடுப்பூசி எல்லா அரசு மருத்துவமனையிலும் இருக்கும். எச்பிஐஜி எப்போதும் கையில் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ராமேஸ்வரத்திலோ தங்கச்சிமடத்திலோ இருக்கிறீர்கள், வலி ராத்திரி வருகிறது, ராமநாதபுரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அதனால் எட்டாம் மாதத்திலேயே போய், பிரசவம் இங்கே பார்ப்பதாக இருந்தால் அந்த ஊசி இருக்குமா, இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, பதிலை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்காக சிசேரியன் தேவையில்லை. ஆறு, பத்து, பதினான்காம் வாரத்து ஊசிகளை விடாமல் போட்டு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். தைவானில் 1984-ல் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இப்போது கீழாநெல்லி. இதைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு இல்லை, ஏனென்றால் இதை விஞ்ஞானிகள் சும்மா ஒதுக்கிவிடவில்லை. பி வகை வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து கீழாநெல்லியை நாள்பட்ட பி வகைக்காரர்களுக்குச் சென்னையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது, மருந்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த செய்தி. அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. பிறகு எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து அலசியவர்களும், நம்பிக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். ஒரு இடத்தில் வந்த முடிவு இன்னொரு இடத்தில் திரும்ப வந்தால்தான் மருந்து என்று ஏற்பார்கள், அது இங்கே நடக்கவில்லை.

அப்படியென்றால் ஊரில் இத்தனை பேருக்குக் குணமானது எப்படி? மேலே சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள். ஏ, ஈ வகை தானாகப் போகும், பெரியவர்களுக்குப் புதிதாக வந்த பி வகையும் நூற்றில் தொண்ணூற்றைந்து தானாகப் போகும். மோரில் அரைத்துக் குடித்தாலும் போகும், குடிக்காவிட்டாலும் போகும். தங்கிவிட்டவர்களுக்குக் கண் மஞ்சள் தெளிந்தவுடன் குணமாகிவிட்டது என்று கணக்கு எழுதிவிடுகிறோம், வைரஸ் உள்ளே இருக்கிறது. பாட்டி அரைத்துக் கொடுத்ததைக் குடிப்பதற்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன். ஆனால் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத பொட்டலத்துச் சூரணமும் பஸ்பமும் வேண்டவே வேண்டாம், கல்லீரல் கெட்டிருக்கும்போது உலோகம் கலந்த பொடி அதைக் கவிழ்த்துவிடும். அப்புறம், எதைக் குடித்தாலும் ஆறு மாத டெஸ்ட்டை விடாதீர்கள்.

மாத்திரை தொடங்கியவர்களுக்கு. டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர், தினம் ஒன்று, பெரும்பாலும் வருஷக்கணக்கில். இது வைரஸை அடக்கும், வேரோடு எடுக்காது. கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள்ளேயே அந்த வைரஸ் தன் அச்சு ஒன்றைப் பதித்து வைத்திருக்கும், மாத்திரை அந்த அச்சைத் தொடுவதில்லை, அதிலிருந்து பிரதி எடுப்பதைத்தான் நிறுத்துகிறது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் தெரியாது, சில வாரம், சில மாதம் கழித்து வைரஸ் ஒரேயடியாகக் கிளம்பிக் கல்லீரலே செயலிழந்த ஆட்கள் உண்டு. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

நம்ம கடலில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விசைப்படகில் போகிறவர்கள் கரை திரும்பும் நாள் அவர்கள் கையில் மட்டும் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடித்து இலங்கைச் சிறையில் வைத்துவிட்டால் வாரக்கணக்கில் ஆகிவிடும், மாத்திரை பாட்டில் வீட்டு அலமாரியில் இருக்கும். ஒரு வாரத்துக்கான மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் படகில் வையுங்கள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து மனைவி ஃபோனில், அண்ணன் ஃபோனில் வையுங்கள், பிடிபட்ட செய்தி வந்தவுடன் சங்கத் தலைவரிடமும் மீன்வளத் துறையிலும், "இவருக்குத் தினமும் இந்த மாத்திரை வேண்டும்" என்று பெயரோடு எழுதிக் கொடுக்க அது உதவும். வெளிநாட்டில் இருப்பவர்களும் தீரும் முன்னால் ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோயைப் பற்றி நேராகவே பேசுவோம். 1981-ல் வெளிவந்த தைவான் ஆய்வில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள், கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆனவர்கள். கல்லீரலுக்குள் வலி தெரியாது, வலி வரும்போது கட்டி பெரிதாகிவிட்டிருக்கும். ஆகவே கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் எந்த வயதானாலும், சுருக்கம் இல்லாவிட்டாலும் நாற்பது தாண்டிய ஆண்கள், ஐம்பது தாண்டிய பெண்கள், வீட்டில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால் அதற்கும் முன்பே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோய்க்கு அடையாளம் தேடும் ஏஎஃப்பி ரத்த டெஸ்ட்டும் எடுக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்குள் பிடித்தால் வெட்டி எடுக்கவோ சூட்டால் பொசுக்கவோ முடியும், முழுக் குணத்துக்கும் வழி உண்டு. கடலுக்குப் போகிற வீடுகளுக்கு ஒரு யோசனை: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, அப்போது ஒரு ஸ்கேன், அதிலிருந்து ஆறு மாதம் கழித்து மழை சீசனில் கடல் கொந்தளித்துப் படகு கட்டிக் கிடக்கும் நாளில் இன்னொன்று. தொழில் கெடாது, தேதியும் மறக்காது.

சாராயம் வேண்டாம். இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, 'கொஞ்சமாக' என்பதும் இந்த வைரஸ் இருப்பவருக்குக் கிடையாது.

கல்லீரல் சுருக்கம் வரை போனவர்களுக்குக் கரையோரத்தில் இன்னும் சில எச்சரிக்கை உண்டு. வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் கூடாது, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் அது ஒரு வேளையிலேயே ஏறிவிடும். உப்புப் போடாத புது மீனைச் சமைத்துச் சாப்பிடுங்கள், புரதம் வேண்டும், கஞ்சி மட்டும் குடித்துப் பத்தியம் இருந்தால் சதை கரைந்துவிடும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு கடலுக்குப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள், சிறுநீரகம் நின்றுவிடும், ரத்த வாந்தியும் வரலாம். ஈரமாக வைத்துப் பூசணம் பிடித்த கடலையையும் மிளகாய் வற்றலையும் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துச் சமைக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். அந்தப் பூசணத்தின் அஃப்ளடாக்சின் கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, பி வகை இருக்கும் கல்லீரலில் புற்றுநோய் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இருக்கிறது. நல்ல உடம்புக்காரருக்குக் கெளுத்தி முள் குத்தினால் இரண்டு நாள் கடுத்துவிட்டு ஆறும். கல்லீரல் சுருங்கியவருக்கு அதே முள் குத்திய இடம் சில மணி நேரத்தில் வீங்கி, கருஞ்சிவப்புக் கொப்புளம் எழும்பி, ரத்தத்தில் விஷம் ஏறி, ஓரிரு நாளில் உயிரே போகலாம். அதனால் கையில் காலில் புண் இருந்தால் கடல் தண்ணீரில் இறங்காதீர்கள், மீன் கழுவும்போது கையுறை போடுங்கள், மட்டி சிப்பியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். முள் குத்தி, வீக்கம் ஏறி, காய்ச்சலும் வந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்காமல் அப்போதே வண்டி ஏறுங்கள், ஏறிப் போன இடத்தில், "கல்லீரல் சுருக்கம் இருக்கிறது, கடல் தண்ணீரில் பட்ட காயம்" என்று இரண்டையும் சொல்லுங்கள்.

கடைசியாக, புது மருந்து. வேரோடு எடுக்கும் மருந்துக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. பெபிரோவிர்சென் என்ற ஊசியை 457 பேருக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது, ஆறு மாதம் ஊசி போட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு, ஊசி நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் எச்பிஎஸ்ஏஜி இல்லாமல் இருந்தது. பழைய மாத்திரைகளில் இந்த அளவு அபூர்வம், எனக்கு நிஜமாகவே நம்பிக்கை தந்த செய்தி. இப்படி ஆராய்ச்சியில் சேரச் சொல்லி உங்களை யாராவது கேட்டால், பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். இந்தியாவில் மருந்து ஆராய்ச்சி எதுவானாலும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் எண் வாங்கியிருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டு இணையத்தில் போட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது சாப்பிடும் டெனோஃபோவிரை நிறுத்தச் சொல்வார்களா, ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு யார் பார்ப்பார்கள், பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா என்று கேளுங்கள். ஒப்புதல் தாள் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க நேரம் தர வேண்டும், கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்கி, மற்ற ரிப்போர்ட்டுகளோடு அதே ஃபைலில் வையுங்கள்.